இடது மரை டார்ச்

சின்ன லேத் சுற்றுகிறது. அலுமினியக் குழாயின் வாய் ஓரத்திலிருந்து வெள்ளை உலோகச் சுருள் எழுந்து விரலைச் சுடுகிறது. உட்கார ஸ்டூல் இருந்தும், மகள் பையை மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலிலேயே நிற்கிறாள். "கடையில டார்ச்சே விக்கலையாப்பா? பஸ் போயிடும்." "கடைக்காரன் தகரத்துக்கு பெயின்ட் அடிச்சு உன் தலையில கட்டுவான். பேசாம இரு." அவள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற தெருவில் விளக்கு கிடையாது. லேத்தை நிறுத்துகிறேன். வெளியே மழைக்கு இருட்டுகிறது. டார்ச்சின் மூடிக்கு இடது மரை வெட்டியிருக்கிறேன். யார் கையையும் நம்பாதவன் நான், என் எண்ணெய் டப்பா மூடிகூட இப்படித்தான். ஊரார் கழற்றுகிற பக்கம் திருப்பினால் இது இறுகும். இறுகினால்தான் விளக்கு எரியும். அவளுக்கு இது தெரியாது, இங்கே எதையும் தொட்டதில்லை. பேட்டரி போட்டு, எண்ணெயைத் துடைத்து, எரியவிட்டே நீட்டுகிறேன். "இன்னும் சூடா இருக்குப்பா," என்கிறாள். வெளிச்சம் அவள் செருப்பின்மேல் வட்டமாக விழுகிறது. "எப்படி அணைக்கிறது?" "மூடியைத் திருப்பு." எந்தப் பக்கமென்று சொல்லவில்லை. அடுத்து எப்போது வருவாய் என்று கேட்கவும் வாய் வரவில்லை. "வரேன்பா." தெருமுனையில் நின்று மூடியைத் திருகுகிறாள். அணையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகுகிறாள், அது இன்னும் இறுகுகிறது. கொட்டகையைத் திரும்பிப் பார்த்து, "அப்பா!" என்கிறாள். தெரியணும் என்றால் உள்ளே வந்து கேட்கட்டும். லேத்தை வெறுமனே ஓடவிட்டு, காது கேட்காதவன் மாதிரி குனிந்துகொள்கிறேன். பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. ஓரக்கண்ணால் பார்க்கிறேன். எரிகிற விளக்கோடேயே ஏறிவிடுகிறாள்.