கடை இனிப்புக்குத் தடை

கணவர் காசிராஜனுக்குச் சர்க்கரை கூடியதும், கடை இனிப்புக்கு வீட்டில் தடை போட்டவள் யோகேஸ்வரிதான். அதற்குப் பதிலாகக் கருப்பட்டி எள்ளுருண்டை, அதுவும் ஆளுக்கொன்று.

தீபாவளி சீசனில் அவருடைய பட்டாசு கம்பெனிக்கு வந்த மைசூர்பாகு டப்பா, பீரோவுக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது. மருமகள் ஆர்த்தி அதை எடுத்து வந்தாள்.

“மாமா, நீங்களா சாப்பிட்டீக?”

காசிராஜன் மனைவியைப் பார்த்தார். “ஆமாம்மா, நாக்கை அடக்க முடியல. இனிமே தொடமாட்டேன்.”

“டாக்டர் சொன்னது காதுல ஏறலியா? சின்னப் பிள்ளையா நீங்க?” யோகேஸ்வரியும் சேர்ந்து கடிந்துகொண்டாள்.

ஆர்த்தி அடுக்களைக்குப் போனதும் காசிராஜன் குரலைத் தாழ்த்தினார்.

“முந்தானையில மைசூர்பாகு தூள் ஒட்டியிருக்கு, தட்டிவிடு. இனிப்பு வேணும்னா என் பங்கு எள்ளுருண்டையையும் எடுத்துக்க.”

அன்று முழுக்க யோகேஸ்வரியால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.