இன்னொரு கால் மடிப்பு

என்னை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தி, பேன்ட்டின் ஒரு கால் மடிப்பை முடித்தவள், இன்னொரு காலைத் தொடவே இல்லை.

தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா. போனில் ஒரே இசை திரும்பத் திரும்ப ஓடியது. நான் கடைக்குள் நுழைந்தபோதே அது ஓடிக்கொண்டிருந்தது.

கோட்டையும் பேன்ட்டையும் அளவு குறைக்க அம்மாதான் இங்கே கொண்டுவந்து கொடுத்தாள். 'நாளைக்கு வாங்க' என்று இரண்டு முறை அம்மாவை அலைக்கழித்திருக்கிறாள் இவள். அந்தக் கோபத்தில் ரசீதை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டூலில் ஏறினேன்.

நாளை சாயங்காலம் அலுவலகத்தில் விழா. இந்த மாதம் முதலிடம் எனக்குத்தான். காலையில் இன்னும் ஒரே ஒரு போன் பேசி முடிக்க வேண்டும், அவ்வளவுதான். மேடையில் ஒரு கால் நெட்டையும் ஒரு கால் குட்டையுமாகவா போய் நிற்பது?

"கோவமா இருக்கியாம்மா? ரெண்டே நிமிஷம். இதை விட்டா மறுபடி லைன் கிடைக்காது" என்றாள், உதட்டில் ஊசிகளைக் கவ்விக்கொண்டே.

இசை நின்றது. அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தையல் மெஷின் மேல் வைத்தாள். இனி இரண்டு கையும் என் காலுக்குத்தான் என்று நினைத்தேன். எங்கே! ஊசிகளைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கையையே ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

கடனில் மாட்டியவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் இடமாம் அது. ஜிப்பு மாற்ற வந்த யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். மறுமுனையில் பேசியவருக்கு உலகத்தில் எந்த அவசரமும் இல்லை.

கதை நீண்டது. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கினாள். தவணை கட்ட ஒரு கடன். அந்தக் கடனைக் கட்ட இன்னொன்று. இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஐந்து வருடம் மாதாமாதம் கட்டுவதாக ஓர் ஒப்பந்தம் வந்திருக்கிறது. போனிலேயே பேசி முடித்தாயிற்று. கையெழுத்து மட்டும் பாக்கி.

"வருமானம் எல்லா மாசமும் ஒரே மாதிரி வருமாம்மா?"

"எங்க சார்! பள்ளிக்கூடம் திறக்கிறப்ப யூனிஃபார்ம் தைச்சு மாளாது. மத்த மாசமெல்லாம் பட்டன் வைக்கிறதுதான்."

"இதை அவங்க கேட்டாங்களா?"

"கேக்கலியே சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காவிட்டால் என்ன, இவளுக்கு வாய் இல்லையா? மெஷின் வாங்கிய கதையை இவ்வளவு விலாவாரியாகச் சொல்லத் தெரிகிறது, இதைச் சொல்லத் தெரியாதா?

அவர் பொறுமையாக விளக்கினார். சில மாதம் கட்டத் தவறினாலே ஒப்பந்தம் முறிந்துவிடும். பழைய கடன்கள் மொத்தமாகத் திரும்பி வரும். அதுவரை கட்டியதில் பெரும்பகுதி ஏற்பாடு செய்தவர்களின் கட்டணத்துக்கே போயிருக்கும். வாடகை பாக்கி விழும், கடை போகும்.

"ஒப்பந்தம் தப்புன்னு சொல்லலம்மா. மாசச் சம்பளக்காரங்களுக்குச் சரியா வரும். உங்களுக்கு ஒத்துவராது."

கடன் கொடுத்தவர்களிடமே பேசி, வருகிற வரும்படிக்குத் தக்கபடி கட்ட வழி இருக்கிறது, அதற்கு யாருக்கும் கட்டணம் தர வேண்டாம், நாளை மத்தியானம் நானே கூப்பிடுகிறேன், அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அவள் ஊசிகளை மறுபடி உதட்டில் கவ்விக்கொண்டு என் காலருகே குனிந்தாள். கை மட்டும் வேலை செய்யவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது?"

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"போன்ல பேசுன பொண்ணு. அக்கா அக்கான்னு கூடப் பொறந்தவ மாதிரி உருகுச்சு. உடம்பு சரியில்லன்னு ஒருநாள் சொன்னேன், மறுநாள் கூப்பிட்டு எப்படி இருக்கீங்கன்னு கேட்டுச்சு. என் சொந்தத் தங்கச்சிகூட கேக்கல. காலையில பத்து மணிக்குக் கூப்பிடும். சரின்னு வாக்குக் கொடுத்துட்டேனே."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்காகக் கடையையே தூக்கிக் கொடுப்பாளா ஒருத்தி?

கண்ணாடியில் பார்த்தேன். கோட்டு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியிருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. மனுஷிக்கு வேலை தெரிந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

"நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லும்மா. கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். குனிந்திருந்தவள் பார்க்கவில்லை.

"சொல்லேம்மா. வந்ததுலேருந்து ஊமை மாதிரி நிக்கிற."

இறங்கி ஓடவும் முடியாது, காலைச் சுற்றி ஊசி. நாளைய மேடை ஒரு தரம் கண்ணில் வந்து போனது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"போடாதீங்க அக்கா."

அவள் தலை சற்றே சாய்ந்தது, அந்தக் குரலை மறுபடி கேட்பதுபோல்.

நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. இன்னொரு காலைத் தன் பக்கம் இழுத்து, துணியை மடித்து, ஊசிகளை ஒவ்வொன்றாகக் குத்தினாள். ஒன்றுகூட என் மேல் படவில்லை.

வாயிலிருந்து கடைசி ஊசியையும் எடுத்த பிறகுதான் பேசினாள்.

"பத்து மணிக்குக் கூப்பிடறேன்னுதானே சொன்னே?"