வராத யானை

"யாரைக் கேட்டும்மா அந்தப் பட்டனை அமுக்குன?"

தீர்த்தகிரி கவிப்பிரியாவைப் பார்த்துக் கேட்டார். பால் சொசைட்டி வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை.

காலை பத்தேகாலுக்கு ஊரிலிருந்த செல்போன்கள் ஒரே நேரத்தில் சைரன் ஊதின. 'யானை வந்துவிட்டது. வெளியே வராதீர்கள்.' தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டைப் பூட்டினார்கள். சின்னம்மாள் வரப்பில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள்.

யானை மட்டும் வரவில்லை.

யானை வந்தால் போனில் சைரன் ஊதி எச்சரிக்கும் அந்த ஆப்பைச் செய்துகொடுத்தவன் இளம்பரிதி. உள்ளூர்ப் பையன், பெங்களூரில் வேலை. அவனும் அவனோடு சேர்ந்த சிலரும் ஏழு மாதம் ராப்பகலாக எழுதியது. காசு கிடையாது, எந்த ஊர்க்காரரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம். போன மாதம் பக்கத்து ஊரில் காவலுக்குப் படுத்திருந்த ஒருவரை யானை மிதித்துக் கொன்றதிலிருந்து, இந்த ஊருக்கும் அது வேண்டியிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து ஊரே அதை நம்பித் தூங்கப்போகிறது. அதற்குள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, தெருவுக்கு ஒரு டெஸ்டர். சம்பளமில்லை. உரக்கடையில் பில் போடும் கவிப்பிரியா சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. அந்த மூன்று நாளில் ஒன்பது குறை எழுதி அனுப்பியிருந்தாள். குறை சொல்லும் பெண்ணை எந்த ஊருக்குப் பிடித்திருக்கிறது?

"நானுந்தான் டெஸ்டரு" என்றார் தீர்த்தகிரி. "எங்க தெருவுல பன்னெண்டு போனு, எம் பையன் போனையுஞ் சேத்து. எல்லாம் ஓகேன்னு ரெண்டே நிமிஷத்துல எழுதிக் குடுத்துட்டேன். ஒரு வம்பு உண்டா? இவ வந்தா, ஊரே நாறுது. எங்க டிராக்டரு பாலக்கோடு போவல. இந்நேரம் தக்காளி மண்டியே முடிஞ்சிருக்கும்."

இளம்பரிதி கவிப்பிரியாவைப் பார்த்தான்.

"கவி, எல்லார் போனுக்கும் அடிக்கிறதுன்னா ஒரு நாள் முன்னாடி குரூப்ல சொல்லணும். உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்ண்ணா."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எல்லாரும் போனைக் கையிலயே புடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. எல்லாமே அடிச்சிருக்கும். யானை சொல்லிட்டு வராதுங்களே."

"பாத்தீங்களா எகத்தாளத்த" என்றார் தீர்த்தகிரி, கூட்டத்தைப் பார்த்து. "சின்னம்மா முட்டிக்கு இவ பதில் சொல்லுவாளா? இன்னொரு நாளு நெசமாவே யானை வந்து சைரன் ஊதுனா எவன் நம்புவான்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆடின.

"இப்பவே இவள எடுத்துடு தம்பி. இல்லீன்னா நாங்க அந்த ஆப்ப எடுத்துடறோம்."

சொன்னதோடு நிற்காமல் தன் போனை வெளியே எடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எடுத்தார்கள். அழிக்க ஒரு நொடி போதும். இளம்பரிதிக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

கவிப்பிரியா தன் போனை ஒருமுறை பார்த்தாள். பிறகு தீர்த்தகிரியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டாள்.

"தப்பு எம்மேலதாங்க பெரியப்பா" என்றாள். "சின்னம்மாக்காவ நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். டெஸ்டிங்ல இருந்தும் விலகிக்கறேன். ஆப்ப மட்டும் யாரும் அழிச்சிடாதீங்க."

தீர்த்தகிரி போனைச் சட்டைப்பையில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

"இந்தப் புத்தி முன்னாடியே இருந்திருக்கணும்" என்று ஒருவர் சொன்னார். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

"அண்ணா, கடைசி ரிப்போர்ட்ட அனுப்பிடறேன்" என்றாள் கவிப்பிரியா. நின்ற இடத்திலேயே தட்டி அனுப்பிவிட்டு, கூட்டத்தோரம் உட்கார்ந்திருந்த சின்னம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

இளம்பரிதி அதைத் திறந்து படித்தான். முகம் மாறியது.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க. மாதவராஜ் எங்க?" என்று தீர்த்தகிரியை நிறுத்திக் கேட்டான்.

"எம் பையனா? காட்டோரம் எங்க பரண்லதான். ராத்திரி பூராக் காவலு, பகல்ல அங்கயே தூங்குவான். அவனுக்கென்ன இப்ப?"

"சைரன் ஊதுனப்ப எந்திரிச்சு வந்தானா?"

தீர்த்தகிரிக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஊரே ஓடிய நேரத்தில் மகன் வரவில்லை. ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

"இதப் படிங்க" என்று இளம்பரிதி போனை நீட்டினான்.

தீர்த்தகிரி எழுத்துக்கூட்டிச் சத்தமாகத்தான் படிக்க ஆரம்பித்தார். போகப்போகக் குரல் இறங்கியது.

'மொத்தம் எண்பத்தாறு போன்கள். சைரன் போய்ச் சேராதது ஒன்று. வைத்திருப்பவர்: மாதவராஜ். பரணில் கரண்ட் கிடையாது. சார்ஜ் நிற்பதற்காக பேட்டரி சேவர் போட்டிருக்கலாம், அது ஆப்பை நிறுத்திவிடும். யானை வந்தால் முதலில் தெரியவேண்டியவர் இவர். இன்று இருட்டுவதற்குள் யாராவது போய்ச் சரிசெய்யவும்.'

அதற்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. 'இந்தப் போனுக்கு முன்பு ஓகே கொடுத்த டெஸ்டர் பெயர்.'

அதை மட்டும் கவிப்பிரியா காலியாக விட்டிருந்தாள்.