மூன்றாவது குரல்

"திரையை நல்லா இழுத்து விடும்மா. வாத்து ஊதல் போட்டியில நடுவருங்க யாரு ஊதறாங்கன்னு பாக்கவே மாட்டோம். காது சொல்றதுதான் தீர்ப்பு," என்றபடி ஹாலிஸ் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஆர்கன்சாஸில் நாளை வாத்து வேட்டைக் காலம் தொடங்குகிறது. வாத்துகளைக் குரல் கொடுத்து அழைக்க, கடைக்காரர் எல்வுட் கையால் கடைந்த மர ஊதல்களில் சிலவற்றை ஹாலிஸின் மருமகள் டார்லா பொறுக்கி வைத்திருந்தாள்.

"நானே எடுத்துக்கிறேனே, மாமா."

"போன வருஷமும் நீயேதான் எடுத்தே. ஒரு வாத்தாவது திரும்பிப் பாத்துச்சா? பதினெட்டு வருஷம் நடுவரா இருந்த காது இது. ஊது!"

டார்லா ஒன்றை ஊதினாள். அடுத்ததையும் ஊதினாள். மூன்றாவது குரல் ஓய்ந்ததுமே ஹாலிஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"முதல் ரெண்டும் அருமை. மூணாவது இருக்கே, சகிக்கல! அதக் கேட்டா இறங்கற வாத்தும் ஓடிப்போயிடும். எல்வுட், இதையெல்லாம் கூசாம விக்கிறியே?"

டார்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்வுட் திறந்திருந்த பின்கதவைக் காட்டினார்.

"முதல் ரெண்டும்தான் நான் செஞ்சது, ஹாலிஸ். மூணாவது அதோ, நெல்வயல் தண்ணியில நீந்திட்டிருக்கு."