மடத்துத் தோட்டக்காரர்

"மண்ணைப் பாக்காதீங்க. என் முகத்தைப் பாருங்க!"

யுஸ்தினா போட்ட சத்தத்தில் மடத்துத் தோட்டத்துக் கோழிகள் சிதறி ஓடின. முட்டைக்கோஸ் பாத்தியில் குனிந்திருந்த தோட்டக்காரர் மெல்ல நிமிர்ந்தார். அறுபதைத் தாண்டிய உடம்பு. முழங்கால்வரை சேறு.

வேலிக்கு அப்பால் யாத்திரைக் கூட்டம் பாடிக்கொண்டே மலையேறிக்கொண்டிருந்தது. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். போலந்தின் அந்தத் தெற்கு மூலையில் அன்றைக்கு எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. யுஸ்தினாவும் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் வந்தாள். ஆனால் கோயில் படியை மிதிக்கவில்லை. வாசலில் நின்ற துறவியிடம், "தோட்டம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நேரே இங்கே வந்துவிட்டாள்.

"நீங்கதானே இங்க தோட்டக்காரர்?"

"ஆமாம்மா. என்ன வேணும்?"

"என்ன வேணுமா? நான் தவழ்ந்துக்கிட்டிருந்தப்ப சாராய வாடையோட வாசலைத் தாண்டிப் போனீங்களே, அதுக்கப்புறம் கழிஞ்ச வருஷமெல்லாம் வேணும். குடுப்பீங்களா?"

ஏதோ சொல்ல வாயெடுத்த தோட்டக்காரர், அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"உம் பேரு என்னம்மா?"

எரிகிற தீயில் எண்ணெய் வார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"பெத்த பொண்ணு பேரு கூடவா மறந்துபோச்சு? யுஸ்தினா! நீங்க வச்ச பேருதானாம், அம்மா சொன்னா."

அவள் மனதில் அப்பாவுக்கு என்று ஒரு முகமே இருந்ததில்லை. வீட்டில் இருந்த படங்களையெல்லாம் தாய்மாமன் அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டார். இத்தனை காலமும் முகமில்லாத ஒருவரைத் திட்டித் திட்டிப் பழகியவளுக்கு, இன்றைக்குத்தான் திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்திருந்தது.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, வழிப்போக்கன் யாராச்சும் வந்தா சாப்பிடட்டும்னு எல்லா வீட்டுலயும் ஒரு தட்டு கூடுதலா வைப்பாங்க. எங்க வீட்டுல அது வழிப்போக்கனுக்கு இல்ல, உங்களுக்கு! பீட்ரூட் சூப்பு ஆறி அவலாப் போற வரைக்கும் அம்மா கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அவ பாக்கற பார்வையில எனக்குத் தொண்டையில சோறு இறங்காது. ஈஸ்டர் முடிஞ்ச கையோட அவளும் போய்ச் சேந்துட்டா."

"போயிட்டாங்களா?" தோட்டக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"போயிட்டாங்களாவா! செத்தப்புறம் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கு? இருந்தப்ப 'ஏய்'னுதானே கூப்பிட்டீங்க! சாகப்போற நேரத்துலதான், நீங்க இந்த மடத்துத் தோட்டத்துல இருக்கீங்கன்னே சொன்னா. மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லுன்னா. அவ மன்னிக்கட்டும். நான் மாட்டேன்!"

அவர் பதில் பேசவில்லை. அந்த மௌனம்தான் அவளைப் பைத்தியமாக்கியது. ஓங்கி ஓர் அறை விட்டாள். அவருடைய தொப்பி சேற்றில் போய் விழுந்தது.

வேலியோரம் பாட்டு நின்றது. கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! வயசானவரைப் போய்க் கை நீட்டுறியே!"

"உங்க வேலையப் பாத்துக்கிட்டு, பாடிக்கிட்டே போங்க!" என்று சீறினாள் யுஸ்தினா. "இவரால பட்டது நான். நீங்க இல்ல."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது. அவர் குனிந்து தொப்பியை எடுத்துத் துடைத்தார்.

"திருப்பிப் பேசுங்க! பொய்யாவது சொல்லுங்க!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அம்மாவைப் புதைத்த அன்றைக்குக்கூட வராத அழுகை இப்போது வந்தது.

"ஒரு தடவை... ஒரே ஒரு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கலாம்ல, அப்பா?"

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தோட்டக்காரர் அருகில் வந்து நின்றார். அவருடைய கன்னத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்காம்மா?"

"இல்ல. அவ்வளவுதான்."

அவர் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எனக்கு முன்னாடி இங்க தோட்டக்காரரா இருந்த உங்க அப்பா சாகும்போது எங்கிட்ட சொன்னாரும்மா, 'எம் பொண்ணு வந்தா, அவ திட்டி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே'ன்னு."