கால் சூடாகும் வரை

ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் பட்டுப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த செண்பகவல்லிக்கு இடது கால் திடீரென்று வெளுத்து மரத்துப்போனது. காலுக்குப் போகிற ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துவிட்டது. யாரும் பதறவில்லை. கட்டியைக் கரைக்கும் ஊசி இப்போது எல்லாக் கடைகளிலும் மாடிக்கு மாடி மாட்டியிருக்கிறது. நாற்காலிதான் எந்த மாடியிலும் கிடையாது.

கடை நர்ஸ் ரெஜினா ஊசி போட்டு அவளைக் கட்டிலில் படுக்க வைத்தாள். முன்பெல்லாம் ஒரு நாள் முழுக்கப் படுக்க வேண்டியிருந்ததாம். இப்போது கால் சூடாகும் வரை படுத்தால் போதும் என்பது கடை விதி. பத்து நிமிடத்தில் சூடாகிவிடும்.

இருபதாவது நிமிடத்தில் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கால் சூடாச்சா? கல்யாண பார்ட்டி வந்து நிக்குது."

"இன்னும் ஜில்லுன்னுதான் சார் இருக்கு," என்றாள் செண்பகவல்லி, கண்ணைத் திறக்காமல்.

அவர் நம்பவில்லை. "சிஸ்டர், நீங்க தொட்டுச் சொல்லுங்க."

ரெஜினா தொட்டுப் பார்த்தாள். பாதம் நன்றாகச் சூடாக இருந்தது. விரல்கள்கூடச் சிவந்துவிட்டன. காலையிலிருந்து ரெஜினாவும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

"ஐஸ் மாதிரி இருக்கு சார். சூடாகுற வரைக்கும் நான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும், நீங்க போங்க," என்று சொல்லிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

செண்பகவல்லி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.