பக்கத்துப் படுக்கைக்காரர்

"மெதுவாப் பேசு பெர்சி. பக்கத்துப் படுக்கையில எதிர்க்கட்சி தூங்குது" என்றார் ஏமஸ் பிரிட்சர்ட், உதட்டில் விரலை வைத்து.

பெர்சி ஹிண்டில் அடங்கிப்போனார். ஆளுங்கட்சிக் கொறடாவான அவருக்குக் குரலைத் தாழ்த்திப் பேசியே பழக்கமில்லை. கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்த இரண்டு முட்டைகளைப் படுக்கையோரம் வைத்தார். போர் முடிந்து ஆறு வருடமாகியும் முட்டைக்கு ரேஷன் ஓயாத லண்டனில் அது ஒன்றும் சின்ன லஞ்சமில்லை.

மாலை மணி ஐந்து ஆகியிருந்தது. ஏழு மணிக்கு ஓட்டெடுப்பு. இலவச வைத்தியத்தில் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இனிமேல் பாதி விலை வாங்கப்போவதாக அரசாங்கம் சொன்னதிலிருந்து கட்சி இரண்டாகிக் கிடந்தது. முறுக்கிக்கொண்டு நின்ற எட்டுப் பேரைப் பெர்சி ஒவ்வொருவராகக் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும், அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்று மிரட்டியும் வழிக்குக் கொண்டுவந்திருந்தார். அப்படியும் ஒரே ஒரு ஓட்டு குறைந்தது.

அந்த ஓட்டுதான் மூன்று வாரமாக இந்த ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தது. ஏமஸ் வந்துவிட்டால் சரிசமம். சரிசமமானால் சபாநாயகர் அரசாங்கத்தைச் சாயவிடமாட்டார். தோற்றால் தேர்தல்தான், இப்போதிருக்கும் லட்சணத்தில் கட்சி அதில் தேறாது.

"கீழே ஆம்புலன்ஸ் நிக்குது தோழரே. நீங்க இறங்கவே வேண்டாம். வண்டி நாடாளுமன்ற முற்றத்துக்குள்ள வந்தாப் போதும், படுத்தபடியே உங்க ஓட்டைச் சேர்த்துக்குவாங்க."

ஏமஸ் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்தார். பதிமூன்று வயதில் வேல்ஸ் சுரங்கத்தில் இறங்கியவர். நெஞ்சிலிருந்த கரித்தூள் அவருடைய ஒவ்வொரு மூச்சிலும் கரகரத்தது.

"என் சம்சாரத்துக்குக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவங்கப்பா வாயில இருந்த பல்லு பூராவும் பிடுங்கவெச்சாரு, தெரியுமா? அவளுக்குப் பத்தொன்பது வயசு. நாளைக்குப் பல்வலின்னு புருஷனுக்குச் செலவு வைக்கக்கூடாதாம். அதுதான் எங்க ஊருல பொண்ணுக்குச் செய்யற சீரு. அவளுக்குக் காசில்லாமப் பல்லு கட்டணும்னுதான் நான் இந்தக் கட்சிக்கே வந்தேன்."

பெர்சிக்குச் சுருக்கென்றது. கட்சிக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அது மட்டும் இந்த ஜென்மத்தில் நடக்காது என்றார் ஏமஸ். நாற்பது வருடமாகத் தூக்கிய கொடியைக் கீழே போட அவருக்கு மனசு வராதாம். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"அப்ப கிளம்புங்க தோழரே."

ஏமஸ் தலையை மட்டும் திருப்பி, பக்கத்துப் படுக்கையைச் சுற்றி இழுத்துவிட்டிருந்த திரையைக் காட்டினார். உள்ளே இருந்தவர் சர் லயனல், எதிர்க்கட்சிக்காரர், நிலச்சுவான்தார். ஏமஸுக்கு அவர் பதினோரு வருட ஜோடி. ஜோடி சேர்ந்துவிட்டால் ஒருவர் வரமுடியாத நாளில் மற்றவரும் ஓட்டுப் போடப் போகக்கூடாது. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது, வெறும் வாய்ப்பேச்சு. அதை மீறியவனுக்கு அந்தச் சபையில் அப்புறம் யாரும் தேநீர்கூட வாங்கித் தரமாட்டார்கள். மேடையில் கிழித்துக்கொண்ட இந்த இரண்டு பேரும் இப்போது ஒரே வார்டில் அடுத்தடுத்துப் படுத்து, சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பெர்சி திரையைப் பார்த்தார். நேற்று வந்தபோது வார்டே அதிர இருமிக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து இன்று ஒரு சத்தமும் இல்லை. நல்ல தூக்கம், நமக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார்.

"அவருக்குத் தெரியவா போகுது? அவர் எழுந்திருக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்" என்றார் கிசுகிசுப்பாக.

ஏமஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கொறடாவே இப்படிப் பேசலாமா பெர்சி? அவரு அந்தப் படுக்கையில கிடக்கிற வரைக்கும் நான் இந்தப் படுக்கையை விட்டு இறங்கமாட்டேன்."

பெர்சிக்கு முகம் சிவந்துவிட்டது. ஜோடி மரியாதையைப் பற்றிப் புது உறுப்பினர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவரே அவர்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எதிரியின் தூக்கம் கலையாமல் பூனைநடை நடந்து வெளியே வந்தார். ஆம்புலன்ஸைக் காலியாகத் திருப்பி அனுப்பினார். ஏமஸ் தங்கமான மனிதர், அவரை இனித் தொந்தரவு செய்யவேண்டாம் என்று தலைமைக் கொறடாவுக்கு ஆஸ்பத்திரித் தொலைபேசியிலேயே தகவலும் சொல்லிவிட்டார்.

ஏழு மணிக்கு மணி அடித்தது. முறுக்கிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் கசாயம் குடித்த முகத்தோடு வந்து அரசாங்கத்துக்கே ஓட்டுப் போட்டார்கள். அப்படியும் அரசாங்கம் ஒரே ஓட்டில் தோற்றது. எதிர்வரிசையில் காகிதங்கள் பறந்தன. பெர்சி தூணில் சாய்ந்து நின்றார். ஆறு வருட ஆட்சி இரண்டு செட் பல்லோடு போய்விட்டதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

எதிர்க்கட்சிக் கொறடா மேஜர் கார்ஸ்டன் கையை நீட்டிக்கொண்டு வந்தார். ஜெயித்தவர் முகமாக இல்லை, எதுவோ புரியாதவர் முகமாக இருந்தது. நாலு மணியிலிருந்து வாசலில் எந்த ஆம்புலன்ஸ் வந்தாலும் ஏமஸ்தானோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இன்னிக்கு நாலு மணிக்கே லயனல் தவறி, ஜோடியும் முறிஞ்சுபோச்சே, அப்புறமும் உங்க ஏமஸ் ஏன் வரலை?"